வெயில் படும்வரை

கண்ணாடிக் கட்டடத்தில் அவன் இரவுக் காவல், அவள் காலையில் கூட்டுகிறவள். ஐந்தரைக்கு அவள் வருவாள், ஆறு மணிக்கு அவன் போவான். பிற்பகலில் அவளுக்கு இன்னோர் அலுவலகம். வீடு திரும்பும்போது அவன் கிளம்பியிருப்பான். நாலு வருடமாக இந்த அரைமணிதான் குடித்தனம். பேரன் எங்கே என்று மாமியார் நச்சரிக்கிறாள். ஷிப்ட் போடுகிற மேனேஜரைத்தான் கேட்கவேண்டும்.

இன்று அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். அக்கா வீட்டுக்கே போய்விடுவது. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவும் ஆள் விழித்திருக்கவேண்டுமே.

மழைக்காலத்தில் இரவு விளக்குக்கு வருகிற தும்பிகள் கண்ணாடியில் மோதி, விடியும்போது சுவரோரம் விறைத்துக் கிடக்கும். வழக்கம்போல் கூட்டி அள்ளிக் குப்பைப் பைக்குள் கொட்டப்போனாள்.

"இரு, இரு! அதெல்லாம் உயிரோட இருக்கு."

"ஆமா, உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

"ராத்திரிக் குளிருக்கு மரத்துப்போய் அசையாமக் கிடக்கும். வெயில் பட்டா பறந்துடும். நேத்து நீ லீவு, கூட்ட ஆளில்ல. எட்டு மணிக்கு ஒண்ணொண்ணா எழுந்திரிச்சுப் போனதைப் பாத்தேன்."

"என் லீவு நாள்ல எட்டு மணி வரைக்கும் இங்க தும்பி பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

"மாத்து ஆள் வரலம்மா. கேட்டைத் திறந்து போட்டுட்டா வரமுடியும்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அள்ளியதைக் கொட்டவில்லை. நாலு மழைக்காலம், எத்தனை பை! உயிரோடல்லவா கட்டிப் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துச் செடிவேலியில் வைத்தாள். ஒன்று மட்டும் அவள் விரலைக் கால்களால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

திரும்பினால், அவன் படியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தான். சொல்லவேண்டியதை அந்த முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?" கண்ணைத் திறக்கவில்லை.

"உங்களுக்குப் பகல் ஷிப்ட் கிடைச்சதும்."



"அப்ப நீ வரவே மாட்டே" என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, சும்மா ஒரு நிமிடம் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்குப் பகல் காவலாளி வந்தபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.