தரையிலிருந்து அறுபது

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். துளைபோடும் இடங்களிலிருந்து வரும் எண்களைச் சலித்து, சுத்தமானதை மட்டும் கணினிக்குள் விடுவது அவள் வேலை. கல் கிடந்தால் அனுப்பியவனுக்கே திருப்பிவிடுவாள். தன் கையால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டாள். எழுதியவன்தான் திருத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைச் சட்டை செய்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று காலை அவள் மேசைக்கு வந்தது அத்தானின் புதுத் துளை.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். பாதி ஆயுளை எண்ணெய் வயல்களில் கழித்தவர். அங்கே வேலை போய், ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது இந்தச் செம்புச் சுரங்கத்துக்கு இடம் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தார். சிபாரிசு செய்தது அவள்தான். சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. மதியம் நடக்கும் கூட்டத்துக்குப் பிறகு மேலாளர் முடிவு சொல்வார். அக்கா விடிந்ததும் போன் செய்து, "எப்படியும் உறுதியாயிடும்ல?" என்று கேட்டிருந்தாள். "மேலாளர் கையில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள் சல்லடை.

அவர் அனுப்பிய கோப்பைக் கணினியில் ஏற்றினாள். துளையின் வாய் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் என்ன சாய்வில் இறங்குகிறது, எந்த ஆழத்தில் என்ன பாறை. மென்பொருள் ஒவ்வொன்றாகத் தின்று, எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி போட்டது. திரையில் நிலத்தின் வயிறு தெரிந்தது. செம்பு இருக்கும் அடுக்கு விரித்த பாயைப்போல மட்டமாகப் படுத்திருந்தது. அத்தானின் துளைக்கு வந்ததும் பாய் திடீரென்று மேலே எகிறியது.

"பார்த்தியா!" பின்னாலிருந்து குரல். நிலத்தின் மாதிரிப் படத்தை வரைபவர். வண்ணம் தீட்டியே பொழுதைப் போக்குவதால் ஓவியர் என்று பெயர். "பிளவு. நிலம் அங்க உடைஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. நேத்து சைட்லேருந்து நம்பரையெல்லாம் போன்ல கேட்டு, நானே சிவப்பு அடிச்சு வெச்சுட்டேன். துளைபோடுற ரிக்கை நாளைக்கு அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லப் போறேன்."

"நான் இன்னும் சலிக்கவே இல்ல. அதுக்குள்ள படமா?"

"பச்சைதானேம்மா எல்லாம்?"

"எண்ணு எண்ணா இருக்கான்னு பாக்கத்தான் அதுக்குத் தெரியும். உண்மையான்னு தெரியாது. சும்மா இருங்க சார்."

ஓவியர் போனார். அவள் சாய்வைப் பார்த்தாள். முப்பது. மற்ற துளைகள் எல்லாம் நாற்பத்தைந்து டிகிரி. இந்த ஒன்றில் மட்டும் தரை சேறாக இருந்ததால் ரிக்கைத் தள்ளி நிறுத்தி, சாய்வை அங்கேயே மாற்றிவிட்டார்கள் என்று அத்தான் குறிப்பு எழுதியிருந்தார். சரி, முப்பது என்றால் துளை ஏறக்குறைய படுத்துக்கொண்டே போகிறது. அப்படிப் போட அந்த ரிக்கால் முடியுமா?

எழுந்து பின்கட்டில் இருந்த கொட்டகைக்குப் போனாள். துளைக்குள்ளிருந்து எடுத்த உருளைப் பாறைகள் அங்கே நீளப் பெட்டிகளில் கிடக்கும். அத்தானின் பெட்டியைத் திறந்தாள். பாறையில் இருந்த வரிகள் உருளையைக் கிட்டத்தட்டக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. மட்டமான அடுக்கைப் படுத்த துளை வெட்டினால் வரிகள் நீண்டு இழுபட்டு இருக்க வேண்டும், சாய்வாகச் சீவிய வாழைக்காய்போல. இது நிமிர்ந்த துளை. முப்பதில்லை, அறுபது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணெய் வயலில் துளை நேராகக் கீழே போகும். அந்த நேரிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். இங்கே தரையிலிருந்து அளப்பார்கள்; அங்கே முப்பது என்பது இங்கே அறுபது. அத்தான் தன் பழைய கோணமானியைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பழைய பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறார். நாற்பத்தைந்தில் துளை போட்ட வரைக்கும் எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் நாற்பத்தைந்துதான், பிழை பதுங்கிக்கொண்டது. மற்றவர்களின் துளைகள் ஆழம் போகப் போகக் கொஞ்சம் படுத்துக்கொள்ளும், இவர் எழுதிய எண்களில் மட்டும் நிமிரும். அவர் பக்கத்துப் பாறை அப்படி என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து இருந்தது.

மேசைக்குத் திரும்பிப் போன் போட்டாள்.

"என்ன சல்லடை, சலிச்சாச்சா?" ரிக்கின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"அத்தான், முப்பதுன்னு எழுதியிருக்கீங்களே, எங்கேருந்து முப்பது?"

"எங்கேருந்துன்னா? நேர் கீழேருந்துதான். வேற எங்கேருந்து? வானத்துலேருந்தா?"

"இங்க தரையிலேருந்து அளக்கணும்."

இரைச்சல் குறைந்தது. அவர் ரிக்கை விட்டுத் தள்ளி நடப்பது தெரிந்தது.

"அடக் கடவுளே" என்றார். "எல்லாத் துளையுமா?"

"எல்லாம்தான். மத்ததுல ரெண்டு மூணு டிகிரி. இதுல நிலமே உடைஞ்சு கெடக்கு. ஓவியர் சிவப்பு அடிச்சுட்டாரு."

"அவனுக்கு உடைஞ்சாத்தான் சந்தோஷம்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் முப்பது. அதை அழித்து அறுபது என்று அடிக்கத் தும்மும் நேரம்கூட ஆகாது. பாய் மட்டமாகப் படுத்துக்கொள்ளும். அக்கா நிம்மதியாகத் தூங்குவாள்.

"நானே மாத்திடட்டுமா அத்தான்?" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "யாருக்கும் தெரியாது."

"நீயா?" அவர் சிரித்தேவிட்டார். "உனக்குப் பைத்தியமா? ஊருக்கெல்லாம் திருப்பி அனுப்பிட்டு எனக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவியா? எனக்கு வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். கைய எடுடி கீபோர்டுலேருந்து. வரேன்."

கூட்டத்துக்குச் சேறு படிந்த பூட்ஸோடு வந்தார். ஓவியர் சிவப்புக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அத்தான் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துச் சாய்த்துப் பிடித்தார்.

"சார், நான் இதை இந்தப் பக்கத்துலேருந்து அளந்திருக்கேன். நீங்க அந்தப் பக்கத்துலேருந்து படிக்கிறீங்க. பிளவு நிலத்துல இல்ல, என் மண்டையில."

"பாஸ் பண்ணது நான்" என்றாள் சல்லடை. "முதல் துளையிலேயே கேட்டிருக்கணும். கேக்கல."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும், வந்தால் போகாது. இன்று வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"ரிக்கு எங்க இருக்கு?"

"இன்னும் நகர்த்தல சார்" என்றார் அத்தான்.

"அப்போ வெறும் பாறையில துளை போடாம தப்பிச்சோம்." பெருமூச்சு விட்டார். "இன்னைக்கு உறுதி பண்றதா இருந்தேன். இப்போ முடியாது. இன்னொரு மூணு மாசம் சோதனைதான். எல்லாத்தையும் திரும்ப எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும் நேர்ல போய் ஒவ்வொரு துளை வாயிலயும் அளந்து பாருங்க. கோணம் எங்கேருந்துன்னு இனிமே கோப்புல எழுதாம எவனும் எனக்கு அனுப்பக் கூடாது."

"என் பிளவு?" என்றார் ஓவியர்.

"அழிங்க."

"ராத்திரியெல்லாம் முழிச்சு வளர்த்தேன் சார்."

ஜீப் கிளம்பியதும் அக்காவின் போன். சல்லடை எடுக்கவில்லை. அத்தான் ஓட்டிக்கொண்டே கையை நீட்டி வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டார்.

"கோணத்தைத் தப்பா அளந்துட்டேன்" என்றார், சுற்றி வளைக்காமல். "உறுதியாகல. மூணு மாசம் தள்ளிட்டாங்க."

சல்லடை ஜன்னல் வழியே சாலையோர மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டு அனுப்பிடலையே?" என்றாள் அக்கா.

"இல்ல."

"அப்போ நாளைக்கும் வேலைக்குப் போவீங்க?"

"போவேன்."

"அது போதும். போன வருஷம் வீட்ல உக்காந்து என் சமையலறை டப்பாவையெல்லாம் உயர வாரியா அடுக்கி வெச்சீங்களே, உப்பு எங்கன்னு தேடியே எனக்கு நரைச்சுப்போச்சு. நிரந்தரமோ தற்காலிகமோ, தினம் வெளிய போனா நான் பொழைச்சுப்பேன். ஏண்டி, நீ பக்கத்துலதான் இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"நீதான் கண்டுபிடிச்சிருப்ப. எனக்குத் தெரியும்."

"ஆமா."

"நல்ல காரியம் பண்ணின. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று வைத்துவிட்டாள்.

அத்தான் கியரை மாற்றினார். பிறகு, "உயர வாரியா அடுக்கினதுல என்ன தப்பு?" என்றார்.

"மிளகாப் பொடியையும் மஞ்சப் பொடியையும் ஒரே மாதிரி டப்பாவுல போட்டீங்கல்ல. அதான்."

"உயரம் சரியாத்தானே இருந்துச்சு."

அவள் சிரித்தாள். முதல் துளையின் வாயில் செருகியிருந்த குழாய் தூரத்தில் தெரிந்தது. சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.