சிவப்புச் சீட்டு

குருமூர்த்தி வெற்றிலைச் சாறு ஒழுகிவிடாமல் மோவாயை நிமிர்த்திக்கொண்டே பேசினார். தமயந்திக்குக் குமட்டியது. சாணத்தில் பொறுக்கிய வண்டுகளை ஆறு வருஷமாகக் கழுவியிருக்கிறாள், அப்போதெல்லாம் ஒரு நாளும் குமட்டியதில்லை.

"உன் பேரையே வண்டுக்கு வெச்சிடலாம்னு இருக்கேன்மா. எத்தனை பேருக்குக் கெடைக்கும் இந்த பாக்கியம்?"

அலிப்பூரில் இருந்த அந்தப் பூச்சி ஆய்வு அலுவலகத்தில் அவர் மேலதிகாரி, அவள் உதவியாளர். நாற்பது வருஷமாக ஒரே பெயரில் பெட்டிக்குள் குத்தி வைத்திருந்த சாணவண்டுகள் ஓரினமல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தவள் அவள்தான். சிலவற்றுக்கு முன்னங்காலில் ஒரு பல் கூடுதலாக இருந்தது. ஆணின் கொம்பு நுனியில் பிளந்திருந்தது. அதுவும் போதாதென்று வயிற்றைக் கீறி, மயிரிழை போன்ற ஆணுறுப்பை எடுத்து, அதன் வளைவையும் வரைந்து வைத்திருந்தாள். பிளவுக்கொம்பன் என்று அதற்கு ஒரு பெயரும் மனசுக்குள் போட்டிருந்தாள்.

அவர் சொன்னது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையை எழுதிப் பெயர் வைப்பவர் தன் பெயரையே வைத்துக்கொள்ள மாட்டார், இந்தத் தொழிலில் அது வெட்கக்கேடு. வண்டு தமயந்தியின் பெயரில் என்றால் கட்டுரை அவளுடையதாக இருக்க முடியாது. குருமூர்த்தியுடையதாகிவிடும். மாலையைப் போட்டு அதாலேயே கழுத்தை இறுக்குகிற மனுஷன், சீ.

"திங்கட்கிழமை டைப் பண்ணிக் கொண்டாந்துடு. புது இனத்துக்குச் சாட்சியா வைக்கிற மூல வண்டோட ஊசியில பேரெழுதிக் குத்துற சிவப்புச் சீட்டையும் நீயே எழுதிடு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"சரி சார்." சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு முழுக்க டாலிகஞ்ச் வீட்டில் அண்ணனின் டைப்ரைட்டரைத் தட்டினாள். திங்களன்று டீ வேளையில், எல்லோர் முன்னாலும், கட்டுரையை நேராக இயக்குநரிடம் நீட்டினாள். அவர் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். எழுதியவர் தமயந்தி. புதிய இனத்துக்கு மரியாதையின் பொருட்டு வைத்த பெயர், குருமூர்த்தியினுடையது.

கை தட்டினார்கள். "குருமூர்த்திதா, மிஷ்டி கோத்தாய்?" என்று சக ஊழியர் பிமல்தா வங்காள மொழியில் இனிப்பு கேட்டு அவர் தோளைக் குலுக்கினார். குருமூர்த்தியால் வெற்றிலையைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சிரித்து வைத்தார். பிறகு அவளருகே வந்து, அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில், "பெரிய கைகாரிதான் நீ" என்றார்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார்."

ஜெயித்துவிட்டாள். ஆனாலும் மேஜைக்குத் திரும்பியதும் வெற்றுச் சிவப்புச் சீட்டு கண்ணில் பட்டது. அச்சேறிவிட்டால் அந்தப் பெயரை யாரும் மாற்ற மாட்டார்கள். ஆறு வருஷம் அவள் கண்ணுக்குள் வைத்திருந்த வண்டு இனி எந்த நாட்டுப் பெட்டியில் கிடந்தாலும் இந்த ஆளின் பெயரோடுதான் கிடக்கும்.

பேனாவை மையில் தோய்த்து, சிவப்புச் சீட்டில் அந்தப் பெயரை முத்து முத்தாக எழுதினாள். ஊதிக் காயவைத்தாள். விளக்கடியில் பிளந்த கொம்பு மினுங்கியது. ஊசியின் கீழ்முனையில் சீட்டைக் குத்தி, வண்டின் வயிற்றுக்குக் கீழே வரை மெதுவாக ஏற்றினாள். பிறகு, சீட்டைப் பிடித்திருந்த இரண்டு விரல்களும் சேலையில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடி குழாயடிக்கு நடந்தாள்.