வீட்டுப் பேச்சு

கல்திட்டைகளைப் பார்த்துவிட்டு வேனுக்குத் திரும்பும்போதும் பத்மாசினி கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தாள். "விஜய், அம்மா வந்திருக்கேன்" என்று, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில். காலையில் ஏரியைச் சுற்றிக் கூப்பிட்டாள், பிறகு சுனையடியில். கூட வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரர் துளசிராம் நினைவு தப்பிக் கிடக்கிறார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பெற்றது ஒன்று, அதுவும் நம்பரை மாற்றிக்கொண்டு கொடைக்கானலில் எங்கோ இருக்கிறது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அங்கே போகும் டூர் வேன் நின்றது, ஏறிவிட்டாள். எத்தனை கூட்டத்திலும் இந்தப் பேச்சுக்குத் திரும்புகிறவன் அவன் ஒருவன்தானே என்று ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான், ஆனால் அவளிடம் வேறு வழியில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் வேன் மறுபடி ஏரிக்கரையில் நின்றது. அங்கே பதில் வந்தது. அதே பேச்சில், ஒரு ஆண்குரல்: "யாரத் தேடுறீங்க?"

செருப்பு கழன்றதைக்கூடப் பாராமல் ஓடினாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பீமாராவ், அவர் மனைவி, பிள்ளைகள். மதுரைக்காரர்கள். சுற்றுலா வருகிறவர்களில் நம்மவர்களும் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அழுதபடி போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இந்தப் புள்ளையா?" என்றாள் பீமாராவின் மனைவி. "அந்தா, போட் ஹவுஸ் பக்கத்து டீக்கடையில நிக்கிறான். நம்மாளு சாயலப் பாத்துட்டு நம்ம பேச்சுலதான் டீ கேட்டோம். எனக்குப் புரியல, தமிழ்ல சொல்லுங்கன்னுட்டான்."

வேறு சாதியில் முத்துமீனாவைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற மகனிடம் துளசிராம் அன்று சொன்னது பத்மாசினிக்கு நினைவு வந்தது. "இனி நம்ம பேச்சு ஒன் வாயில வரக்கூடாது." கதவுக்குப் பின்னால் நின்ற அவள் வாய் திறக்கவில்லை. பாவி, இதில் மட்டும் அப்பனுக்கு அடங்கிப் போயிருக்கிறான். காலையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் கூப்பிட்டுக்கொண்டு போனாள். காதில் விழாமலா இருந்திருக்கும்?

"யம்மா, வண்டி கெளம்புது, ஏறுங்க" என்றான் வேன் டிரைவர் சங்கிலி.

அவள் கடைப்பக்கம் நடந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் குழாயடியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். அந்தக் கழுத்து அவனுடையதுதான். பிறந்த நாளிலிருந்து மகனிடம் அவள் தமிழில் பேசியதே இல்லை.

"தம்பி," என்றாள் தமிழில், யாரோ போல. "ஒரு டீ குடுப்பா."

கழுவுகிற கை நின்றது. அவன் திரும்பவில்லை. கையிலிருந்த கிளாஸ் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.