காலி என்று எழுதியிருந்த வகுப்பு

பத்து மாணவர் கையெழுத்து விழாவிட்டால் பாடம் ரத்து. தத்துவம் நடத்தும் ஜுவோ டீச்சரும் இயற்பியல் நடத்தும் வெய்யும் மூன்று வருடம் கல்லூரி அலுவலகப் படி ஏறி இறங்கி வாங்கிய பாடம் அது. புத்தரின் சூனியத்தையும் அணுவுக்குள் இருக்கும் வெற்றிடத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பெயர் ஒற்றை எழுத்து: ‘கோங்’. வெறுமை.

வினை அந்த எழுத்தில்தான். அறை ‘காலி’ என்பதற்கும் சீனத்தில் அதே எழுத்து. அட்டவணை அடித்த கை அதைப் பாடமாக எண்ணவில்லை. செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு அறை காலி என்று ஊருக்கே சொல்லிவிட்டது. பதிவு செய்தவர் ஒருவருமில்லை.

ஜுவோ கதவைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு பேர்! தைவானின் தைனான் நகர வெயிலுக்கு ஒதுங்கி, சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, மேசைமேல் கைமடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலமரத்தின் பச்சை வெளிச்சம் முதுகுகளின்மேல் அசைந்தது. குளத்தடிக் கூழாங்கற்கள் மாதிரி இருந்தார்கள்.

“எழுப்பிடலாமா?” என்றார் வெய்.

“எழுப்பினா எந்திரிச்சுப் போயிடுவாங்க. பேசுங்க, மெதுவா.”

வெய் தாலாட்டுக் குரலில் பேசினார். அணுவைக் கோயில் முற்றமாக ஊதினால் அதன் கரு நடுவில் ஓர் எள். மிச்சமெல்லாம் வெறும் வெளி. பிறகு ஜுவோ, “இந்த மேசையக் கழட்டு. பலகை, கால், ஆணி. மேசை எங்க போச்சு?” என்று கேட்டாள். யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். அது பதில் மாதிரியே இருந்தது.

அலுவலகத்துப் பெங் அக்கா தாளோடு வந்து நின்றாள். “என்ன டீச்சர், வகுப்பே கொறட்டை விடுது?”

“வெறுமையக் கண்ணத் தொறந்துகிட்டுப் பாக்க முடியுமா, அக்கா?”

“இந்த வியாபாரம் என்கிட்ட வேணாம். கையெழுத்து வேணும்.”

கன்னத்தில் நோட்டுக் கம்பியின் தடம் பதிந்த ஒரு பெண் தலை தூக்காமலே முனகினாள்: “மேசை எங்கயும் போகல டீச்சர். அது வரவே இல்ல.”

“அப்ப நான் எதுமேல தூங்குனேன்?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“உன் நெனப்பு மேல.”

சிரிப்பில் அறை விழித்தது. தாள் மேசை மேசையாகப் போனது. மூன்று பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள். கையெழுத்து ஒன்பது.

பெங் அக்கா தாளின் தலைப்பை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தாள். “அடக் கடவுளே, இது பாடத்தோட பேரா? காலின்னு அடிச்சது நான்தானே!”

பத்தாவது காலி வரியில் விரலை வைத்தாள்.

“அலுவலகத்துக்காரங்களும் சேரலாம்னு விதி இருக்கு” என்று பேனாவைத் திறந்தாள். “செவ்வாக்கிழமை ஒரு மணிக்கு நானும் கோங்தான்.”

எந்தக் கோங் என்று ஜுவோ கேட்கவில்லை.