மண்டை திறந்த வக்கீலின் குறுக்கு விசாரணை

மூளை அறுவைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்தே அவள் நடையில் ஒரு மிதப்பு. தோல் மருத்துவம் படிக்கப் போன தோழிகளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அப்பா வாசலுக்குப் பெயர்ப்பலகைக்கே சொல்லிவிட்டார். மகள் இதுவரை செய்த மகத்தான சிகிச்சையோ, நோயாளிகளின் தலையை மழித்ததும், ஸ்கேன் படங்களைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரின் பின்னால் ஓடியதும்தான்.

ஒரு நாள் பெரிய டாக்டரே கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த வக்கீல் ஆபரேஷன்ல நீயும் இருக்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எந்தப் பக்கம் நிக்கணும் சார்?"

"முகத்துப் பக்கம். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

வக்கீலுக்குப் பேச்சை ஆளும் இடத்தை ஒட்டி மூளையில் கட்டி. ஆகவே மண்டையைத் திறந்தபின் அவரை விழிக்கவைத்து, மின்முனையால் மூளையை அங்கங்கே தொட்டுப் பார்ப்பார்கள். எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறதோ, அங்கே கத்தி போகக்கூடாது. மூளைக்கு வலி தெரியாது. வலியெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்பவருக்குத்தான்.

மறுநாள் காலை, துணித்திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் படங்களைக் காட்டினாள்.

"இது என்ன சொல்லுங்க?"

"குடை. இதுகூடத் தெரியாமலா டாக்டர் ஆனீங்க?"

"இது?"

"சாவி. கேள்வியெல்லாம் நீங்களே கேட்டா எப்படிம்மா? நான் கேக்குறேன். இதுவரைக்கும் எத்தனை மண்டையைத் திறந்திருக்கீங்க?"

"அடுத்த படத்தைப் பாருங்க சார்."

"சாட்சி மழுப்புறாங்க."

முகக்கவசத்துக்குள் நர்ஸ் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறையப் பார்த்திருக்கேன்."

"பார்த்ததைக் கேக்கல. திறந்ததைக் கேட்டேன். ஒண்ணா, ரெண்டா, இல்ல..."

வக்கீலின் பேச்சு பாதியில் நின்றது. ஒருவழியாக மனுஷன் ஓய்ந்தாரே என்று அவள் மூச்சு விட்டாள்.

"ஏன் சத்தமே காணோம்?" என்றார் திரைக்கு அப்பாலிருந்து பெரிய டாக்டர்.

"யோசிக்கிறார் போல, சார்."

"யோசிக்கிறாரா? நான் தொட்டதால நின்னிருக்கு! அதைச் சொல்லத்தானே உன்னை அங்க உக்கார வச்சேன்?"

அப்போதுதான் அவள் அவர் கண்களைப் பார்த்தாள். சொல் உள்ளே இருந்தும் வாய்க்கு வராமல் தவிக்கிற கண்கள். மின்முனை விலகியது.

"...இல்ல, பூஜ்யமா?" என்று முடித்தார் வக்கீல். குரல் நடுங்கியது.

"பூஜ்யம்தான் சார்."

"அப்பாடா. என் சர்வீஸ்லயே ஒரு சாட்சி இப்பத்தான் ஒழுங்கா ஒத்துக்கிறாங்க."

அதற்குப் பிறகு அவள் அவர் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொல் தடுக்கும்போதெல்லாம் "நின்னிடுச்சு சார்!" என்று கத்தினாள். அந்த இடங்களில் பெரிய டாக்டர் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை வைத்து ஒதுக்கினார். கட்டியில் பெரும்பகுதி வெளியே வந்தது. பேச்சோடு ஒட்டியிருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த அவளிடம் வக்கீலின் மனைவி அழுது வீங்கிய முகத்தோடு ஓடிவந்தாள். "பேச்சுக்கு ஒண்ணும் ஆகலையே, டாக்டர்?"

"ஒண்ணும் ஆகலம்மா. முன்ன மாதிரியே பேசுறார்."

அந்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம்கூடவா குறையல?"