பதினோராவது புரதம்

பிரம்மநாயகம் வளர்த்த ஈஸ்ட் ஒரு மழைக்காலத்தில் பொங்கி, குடுவையை விட்டு இறங்கி, லிஃப்டில் கீழே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றது. கண்டக்டர் டிக்கெட் கேட்ட பிறகுதான் இவர் போய்க் கூட்டிவந்தார். தாராவியில் இதை நம்பாதவர்களும் உண்டு. அதனால் நாயகத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில், நாகலக்ஷ்மி மேடம் வீட்டு சோபாவில் மட்டும் அவருக்கு வாய் எழவில்லை. மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் உதவியாளராக இருந்தவர். இருவரும் ரிடையராகி எவ்வளவோ காலமாயிற்று.

மேடம் லேப்டாப்பைத் திருப்பினார். "பாருங்கோ நாயகம். ஆர்என்ஏவோட வாலை நறுக்கற நம்ம புரதக் கூட்டம். வெளிநாட்டுல புது மைக்ராஸ்கோப்புல படம் எடுத்திருக்கா."

பத்து புரதங்கள் பீப்பாய் மாதிரி சேர்ந்திருந்தன. விளிம்பில், ரயில் வாசலில் தொங்குகிறவனைப் போல, லேசாக ஒட்டிக்கொண்டு பதினோராவது ஒன்று.

இருபத்திநாலு வருஷத்துக்கு முன்பே அதை மேடம் கண்டார். வேறு எவர் கையிலும் அது வரவில்லை. மேடம் தாமே செய்தபோதும் வரவில்லை. ஈஸ்டிலிருந்து எடுத்த புரதத்தை நாயகம் அலசிக் கொடுத்தால் மட்டும் வந்தது. மற்ற ஆய்வாளர்கள் அழுக்கு என்றார்கள். மேடம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்று குளிர் அறையில், புளித்த மாவு வாசனைக்கு நடுவே, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றது நாயகத்துக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

"நம்ம முறையைக் கேட்டு எழுதியிருக்கா. அவாளுக்கும் வந்தா, முதல்ல கண்டது நான்னு போடறாளாம். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இப்பவே அனுப்பறேன். உப்புத் தண்ணில ஏழு தடவை அலம்பணும், சரிதானே?"

அனுப்பினால் அவர்களுக்கும் வராது. மேடம் ரெண்டாம் முறையும் பொய்க்காரி ஆவார்.

"மேடம், ஏழு இல்ல. நாலு."

"என்ன நாலு?"

"நாலு தடவதான் அலசுனேன். வீட்டுக்குப் போற 5:52 ஸ்லோ ரயில்ல பாடுற பஜனைக் கோஷ்டிக்கு நாந்தான் ஜால்ரா. ஏழு தடவ அலசுனா வண்டி போயிரும். நான் இல்லேன்னா மாஹிம் வாரதுக்குள்ள பாட்டு தடம் புரண்டுரும்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "உம்ம கதைக்கு ஒரு அளவே கிடையாதாங்காணும்!"

"பேராச்சி மேல ஆணை, மேடம்." பேராச்சி அவர் மனைவி.

சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"வேல போயிரும்னு பயந்தேன். அப்புறம் சொல்ல முகமில்ல."

மேடம் நோட்டில் ஏழு என்பதை அடித்து நாலு என்று எழுதினார்.  காபி ஆடை கட்டியது.

"அந்த நாலையாவது ஒழுங்காப் பண்ணினேளா?"

நாயகம் மின்விசிறியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மூணு. அன்னைக்கு வண்டியில தேங்கா உடைப்பாங்க, வாங்கிட்டுப் போறது நாந்தான்."

மேடம் பக்கங்களைப் புரட்டினார். ஒட்டிவைத்த சோதனைப் படங்களில் பதினோராவது புரதத்தின் கோடு கறுப்பாக, அழுத்தமாக விழுந்த தேதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். தேதியோடு கிழமையும் எழுதுவது அவர் பழக்கம். வெள்ளி. வெள்ளி. மறுபடி வெள்ளி.

நாலையும் அடித்து மூணு என்று எழுதினார். பேனாவை மூடவில்லை.

"இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே கொட்டிடுங்கோ," என்றார்.