ஏரியில் நட்ட சிவப்புத் துணிக் கம்புகள்

என் வீட்டுக்காரர் புரோகோப்பிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பசு பால் குறைத்தால்கூட அதை யாரோ தூண்டிவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிற மனிதர். அவர் கண்ணெதிரிலேயே ஐதலினா எங்கள் ஏரியின் பனிக்கட்டியில் ஒரு துளை போட்டு, தீக்குச்சியைக் கிழித்து நீட்டினாள். ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது.

"பாத்தியா? கேஸ். நம்ம ஏரி போச்சு," என்றார் என்னிடம்.

ஐதலினா யாகுத்ஸ்க் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த பெண். எங்கள் வீட்டில் பால் விட்ட தேநீர் குடித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள். "கம்பெனி எடுக்குற கேஸ் இல்லண்ணே இது. ஏரிக்கு அடியில ஆதிகாலத்துப் புல்லு, வேரு எல்லாம் அப்படியே உறைஞ்சு கெடக்கு, உங்க நிலவறையில இறைச்சி கெடக்குற மாதிரி. நிலவறை சூடானா இறைச்சி என்னாகும்?"

"அழுகும்," என்றேன்.

"அதேதான்க்கா. வெயில் ஏற ஏற அடித்தரை இளகுது. உறைஞ்சதெல்லாம் அழுகி வாயுவாக் கிளம்பி வருது. அது வானத்துல சேந்து இன்னும் சூட்டைக் கூட்டும். சூடு கூடுனா இன்னும் இளகும்."

"இவ்வளவு அழகாக் கதை சொல்றியே, சம்பளம் யாரு குடுக்குறா?" என்று கேட்டார் இவர்.

"அரசாங்கம்."

அதோடு, ஏரியைப் பறிக்கத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று இவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஹபிரில் அவளுடைய கருவிகளைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தான். அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் புல்போர் ஏரிக்கு அக்கரையில். கோடையில் அறுத்து அங்கேயே குவித்துவிட்டு, ஏரி கெட்டியாக உறைந்தபின் டிராக்டரில் இழுத்து வருவதுதான் வழக்கம். அந்தப் புல் வராவிட்டால் மாடுகள் வசந்தத்தைப் பார்க்காது. நவம்பரில் ஒரு நாள் காலை, எங்கள் ஒரே மகன் எர்ச்சிம் டிராக்டரோடு அக்கரைக்குப் போனான்.

மதியம் இவர் ஏரிப் பக்கமிருந்து ஒரு கட்டுக் கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி.

"அளவுக்கம்பு நட்டிருக்கானுங்க. அத்தனையும் பிடுங்கிட்டேன். எங்க மாமன் மேய்ச்சல் நிலத்துலயும் வைரம் தோண்டுற கம்பெனிக்காரனுங்க மொதல்ல இப்படித்தான் செவப்புத் துணி கட்டுனானுங்க. மறு வருஷம் நிலம் இல்ல."

மாமன் நிலம் போனது பொய்யில்லை. அதனால் நானும் கம்புகளைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அவற்றை அடுப்புக்குப் பக்கத்தில் நான் சாய்த்துக்கொண்டிருந்தபோது ஹபிரில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கம்புகளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, எர்ச்சிம் திரும்பிட்டானா?"

"இல்லையே. ஏன்?"

"இது நான் நட்ட கம்பு. குமிழி வர்ற எடத்துல ஐஸ் கெட்டியாகலை. மேல பனி மூடிக் கெடக்கு, பாத்தா தெரியாது. கம்பைத் தாண்டிப் போகாதேன்னு காலையிலதான் பையன்கிட்டச் சொல்லி அனுப்புனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் இவர்.

"நான் வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறியே, எங்கிட்டுச் சொல்றது?"

அப்போதும் இவர், "இதுலயும் ஏதோ..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் ஏரிப் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது.

ஓடினோம். புல்லேற்றிய சறுக்குவண்டியோடு டிராக்டர் நடு ஏரியில் நின்றிருந்தது. கம்புகளைக் காணாமல் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிறுத்திவிட்டான் பிள்ளை. அவ்வளவு பாரம் ஒரே இடத்தில் நின்றால் என்ன ஆகும்? பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

ஹபிரில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினான். குத்திப் பார்த்து ஓரடி, மறுபடி குத்தி ஓரடி. இவரும் இறங்கப் போனார். கோட்டைப் பிடித்து இழுத்தேன். "நீ போய் பாரத்தைக் கூட்டாதய்யா. அவனுக்குத்தான் எடம் தெரியும்."

டிராக்டரின் முன்சக்கரம் ஒரு பக்கமாக இறங்கியது. எர்ச்சிம் குதித்துவிட்டு நேராகக் கரையைப் பார்த்து ஓடிவரத் திரும்பினான்.

"நில்லுடா," என்று கத்தினார் இவர். குரல் உடைந்து வந்தது. "ஹபிரில் கால் வெச்ச எடத்துல மட்டும் கால் வை. அவன் சொல்றதைக் கேளு. அவன் சொல்றதை மட்டும் கேளுடா."

இருவரும் வந்து சேர்ந்தார்கள், ஒருவன் தடத்தில் மற்றவன். அவர்களுக்குப் பின்னால் டிராக்டர் புல்லோடு உள்ளே போயிற்று. பிள்ளையைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். வண்டியாவது புல்லாவது.

ஹபிரில் கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினான். "என் போர்ல பாதிய எடுத்துக்கங்க."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டார் இவர். பழக்கதோஷம்.

"உன் மாடு பசியில கத்துனா பக்கத்து வீட்டுல எனக்குத்தானேய்யா கேக்கும்."

இவர் அப்படியே பனியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.